தாபான் மரம் முதல் மின்னியல் கழிவு வரை

கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் காப்பாரைக் கடப்போர், மேற்கே கடலோரத்தில் வானளாவி நிற்கும் புகைபோக்கிகளைக் காணாதிருத்தல் அரிது. சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் மின்னிலையம் என்னும் பெயருடைய அந்நிலையம் 1980-களில் எழுந்தது. நிலக்கரி, எரிவாயு, எண்ணெய் ஆகிய மூன்றையும் எரிக்கும் வகையில் அமைந்த அதன் ஆற்றல் ஒரு காலத்தில் 2,420 மெகாவாட்டாக இருந்தது. ரப்பராலும் தென்னையாலும் அறியப்பட்டிருந்த ஒரு வட்டாரம் நாட்டுக்கு மின்சாரம் வழங்கும் வட்டாரமாக மாறியது அப்பொழுதுதான். நிலக்கரி எரிந்தபின் எஞ்சும் சாம்பலைத் தேக்குவதற்கென வெட்டப்பட்ட குளங்களில், வடதிசையிலிருந்து வலசை வரும் உள்ளான் இனப் பறவைகள் கடலேற்ற வேளையில் வந்து தங்குகின்றன என்பது வியப்பிற்குரிய செய்தி. கண்டற்காடும் சேற்றுப்பரப்பும் சுருங்கிப்போன கடற்கரையில் அவற்றிற்குக் கிடைத்த இடம் அதுவாயிற்று.

அப்புகைபோக்கிகளுக்கும் மாணவன் கையிலிருக்கும் கைப்பேசிக்கும் என்ன தொடர்பு என்று வினவினால், விடை சொல்லத் தடுமாறுவோரே மிகுதி. செய்திகளும் படங்களும் ‘மேகத்தில்’ சேமிக்கப்படுவதாகக் கூறும் வழக்கு இன்று பரவியுள்ளது. அம்மேகத்துக்கு எடையில்லை, புகையில்லை, கழிவில்லை என்ற எண்ணமும் அச்சொல்லோடு கூடவே வந்துவிட்டது. இவ்வெண்ணத்தை மாற்றும் பொருட்டு உலகின் பல நாடுகளில் கூட்டுப் பட்டறைகள் நடத்தப்படுகின்றன. இலக்கவியல் தொழில்நுட்பத்தால் சுற்றுச்சூழலுக்கு ஏற்படும் கேட்டைப் பங்கேற்பாளர்கள் ஒன்றாக அமர்ந்து தாமே கண்டறிவது அவற்றின் முறை. இவற்றில் எடுத்துக்காட்டப்படும் சான்றுகள் பெரும்பாலும் நெடுந்தொலைவு நாடுகளைச் சார்ந்தவை. ஆனால், செய்தி விரைந்து செல்வதற்காக நிலம் விலை கொடுத்த வரலாற்றில் மலாயா மண்ணுக்கு ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுக்காலப் பங்கு உண்டு. அவ்வரலாறு ஒரு மரத்திலிருந்து தொடங்குகின்றது.

சிங்கப்பூரில் மருத்துவராகப் பணியாற்றிய வில்லியம் மொண்ட்கோமரி என்பவர், மலாய்க்காரர்களின் பாராங் கத்திப்பிடி ஒருவகை மரப்பாலால் செய்யப்பட்டிருப்பதைக் கண்டார். அப்பொருள் வெந்நீரில் இளகும். விரும்பிய வடிவில் பிடிக்கலாம். ஆறினால் மீண்டும் இறுகிவிடும். 1843-ஆம் ஆண்டு அவர் அதன் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். கெத்தா பெர்ச்சா என்று மேனாட்டார் அழைத்த அப்பாலைத் தந்தது தாபான் மரம். ரப்பர் மரம் பிரேசிலிலிருந்து இங்குக் குடியேறியது. தாபானோ இம்மண்ணிலேயே தோன்றிய காட்டு மரம். இலண்டனில் முதலில் அதைக்கொண்டு குழாய்களும் காலணியின் அடிப்பாகங்களும் செய்தனர். 1848 முதல் கோல்ஃப் பந்தும் செய்தனர். கனவான்களின் விளையாட்டுக்காகவும் மலாயாக் காட்டு மரங்கள் விழுந்தன என்பதை இவ்விடத்தில் குறித்துக்கொள்ளலாம்.

அதே 1848-இல் மைக்கேல் ஃபாரடே என்னும் அறிவியலறிஞர், கெத்தா பெர்ச்சா மின்சாரத்தைக் கசியவிடாத சிறந்த காப்புப்பொருள் என எழுதினார். கடலடியில் தந்திக்கம்பி இடுவதற்கு அதுவரை தடையாக இருந்தது உப்புநீரே. ரப்பர் கடல்நீரில் கெட்டது. கெத்தா பெர்ச்சாவோ கடலின் குளிரிலும் அழுத்தத்திலும் கெடாது நிலைத்தது. 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடித் தந்தி வெற்றிகரமாக இயங்கியது. பின்னர் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கும் முயற்சி எழுந்தது. 1858-இல் இடப்பட்ட முதல் அட்லாண்டிக் தந்திக்கம்பி ஏறத்தாழ மூன்று வாரங்களே பேசியது, பின்பு ஊமையாயிற்று. 1866-இல்தான் நிலையான தொடர்பு கிட்டியது.

பொறியியல் வரலாற்று நூல்கள் இம்முயற்சியை விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகப் போற்றும். அதில் தவறில்லை. ஆனால், அந்நூல்களில் இடம்பெறாத ஒரு கணக்கு உண்டு. முதல் அட்லாண்டிக் கம்பிக்குச் சென்ற கெத்தா பெர்ச்சா சுமார் 250 டன். ரப்பர் மரத்தைப்போல் தாபானைச் சீவிப் பால் எடுத்தல் எளிதன்று; பால் விரைவில் உறைந்து காயத்திலேயே நின்றுவிடும். ஆகவே மரத்தையே வெட்டி வீழ்த்தி, பட்டையில் வளையம் வளையமாகக் கீறிப் பாலைத் திரட்டினர். முழுவளர்ச்சி பெற்ற ஒரு மரம் தந்தது சராசரியாக 300 கிராம் அளவே என வரலாற்றாசிரியர் ஜான் டல்லி குறிப்பிடுகின்றார். 250 டன்னை 300 கிராமால் வகுத்துப் பார்க்கும் மாணவனுக்கு எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட எண் கிடைக்கும். மூன்று வாரம் பேசிய ஒரு கம்பிக்காக வீழ்ந்த மரங்கள் அத்தனை!

காட்டுக்குள் சென்று மரத்தைத் தேடியவர்கள் பூர்வகுடியினரும் மலாய்க்காரரும் போர்னியோவின் டயாக் மக்களும் ஆவர். சேகரிக்கப்பட்ட பால் வணிகர்களின் கைமாறிச் சிங்கப்பூரில் கப்பலேறியது. சிங்கப்பூர்த் தீவிலிருந்த தாபான் மரங்கள் 1850-களிலேயே அநேகமாக அழிந்துவிட்டன. வெட்டுவோர் ஜொகூருக்கும் பேராக்குக்கும் சுமத்திராவுக்கும் போர்னியோவுக்கும் நகர்ந்தனர். நூற்றாண்டு முடியும் தறுவாயில் உலகக் கடல்களின் அடியில் கிடந்த கம்பியின் நீளம் பூமியைப் பன்முறை சுற்றக்கூடியது. அதன் பெரும்பகுதியை இத்தீவகற்பத்துக்கும் அண்டைத் தீவுகளுக்கும் உரிய மரப்பால் போர்த்தியிருந்தது. 1930-களில் பாலித்தீன் என்னும் செயற்கைப்பொருள் கண்டுபிடிக்கப்பட்டு, பின்னர் கம்பிகளில் இடம்பெற்ற பிறகே தாபானின் தேவை தணிந்தது.

தமிழருக்கு இவ்வரலாற்றில் உள்ள தொடர்பு வெளிப்படையானது. 1870-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக்கம்பி இடப்பட்டு, மறு ஆண்டு முதல் செய்திகள் சென்றன. தமிழ்த் தொழிலாளர் பாய்மரக்கப்பலிலும் நீராவிக்கப்பலிலும் நாள்கணக்கில் கடந்த அதே வங்கக்கடலை, வணிகரின் விலைச்செய்தி சில மணி நேரத்திற்குள் கடந்தது. இலண்டனில் நிலவிய விலைநிலை தோட்ட நிருவாகிகளுக்கு எட்டிய வேகத்தில், தொழிலாளியின் இல்லச்செய்தி எட்டியதில்லை. தபால் தந்தி இலாகாவிலும் இரயில்வேயிலும் எழுத்தர்களாக யாழ்ப்பாணத் தமிழர் பலர் பணியாற்றினர். அந்தக் கம்பியின் உறை எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று அவர்களுள் எத்தனை பேர் எண்ணிப்பார்த்திருக்கக்கூடும்!

அடுத்து வெள்ளீயம். கோலாலம்பூரும் ஈப்போவும் ஈய லம்பங்களின் பிள்ளைகள் எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலக வெள்ளீயத்தில் ஏறத்தாழ பாதியை மலாயா அளித்தது. அன்று அது பெரும்பாலும் உணவுக் கலன்களுக்குப் பூச்சாகச் சென்றது. இன்றோ உலகில் பயன்படும் வெள்ளீயத்தில் ஏறக்குறைய பாதி, மின்னியல் கருவிகளின் உறுப்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் பற்றாசாகச் செல்கின்றது. முற்காலத்துப் பற்றாசில் காரீயமும் கலந்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் அக்கலப்பைக் கட்டுப்படுத்திய பின்னர் வெள்ளீயத்தின் பங்கு மேலும் உயர்ந்தது. 1985-இல் விலை வீழ்ந்து மலேசிய ஈயத்தொழில் நலிந்தபோது, பழைய லம்பங்கள் குட்டைகளாகவும் மணற்பரப்பாகவும் எஞ்சின. மணலோடு எஞ்சிய மற்றொன்றும் உண்டு. அதற்கு அமாங் என்று பெயர்.

அமாங் என்பது ஈயமணலை அலசிப் பிரித்தபின் ஒதுங்கும் கருநிறக் கழிவு மணல். அதில் மொனசைட் என்னும் கனிமம் உண்டு. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் இருப்பது இதே மொனசைட்தான். அரிய மண் உலோகங்கள் இதிலிருந்து பிரித்தெடுக்கப்படுகின்றன. அவற்றுள் இட்ரியம் வண்ணத் தொலைக்காட்சித் திரையில் சிவப்பு நிறம் தோன்றுவதற்கு உதவியது. ஆனால், மொனசைட்டைப் பிரிக்கும்போது கதிரியக்கம் கொண்ட தோரியமும் கழிவாக வெளிப்படும். 1982-இல் ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் ஏசியன் ரேர் எர்த் என்னும் ஆலை இப்பணியைத் தொடங்கியது. ஜப்பானிய நிறுவனம் ஒன்றும் அதில் பங்குதாரராக இருந்தது.

பின்னர் நிகழ்ந்தவை இக்கட்டுரைக்கு மிக இன்றியமையாதவை. அக்கழிவைப் புதைப்பதற்குப் பாப்பான் என்னும் சிற்றூரருகே குழிகள் வெட்டப்பட்டபோது, 1984-இல் ஊர்மக்கள் எதிர்த்தனர். கதிரியக்கம் கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, சுடாது. ஈய லம்பத்திலும் காய்கறித் தோட்டத்திலும் உழைத்த மக்கள் அதனை எங்ஙனம் அறிந்தனர்? ஒருவரும் தனித்து அறியவில்லை. பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் மலேசிய சாஹாபாட் ஆலம் இயக்கமும் அவர்களோடு இணைந்தன, மருத்துவர்கள் வந்தனர். சடாவோ இச்சிக்காவா என்னும் ஜப்பானிய மரபணு ஆய்வாளர் நேரில் வந்து ஆலையின் சுற்றுப்புறத்தில் கதிர்வீச்சை அளந்தார். அளவுக்கருவியின் முள் அசைவதைக் கண்ட பின்னர், அச்சமாக மட்டும் இருந்தது அறிவாயிற்று. 1985-இல் ஊரார் எண்மர் வழக்குத் தொடுத்தனர். அவ்வாண்டே இடைக்காலத் தடை கிடைத்தது. 1987-இல் ஆலை உரிமம் பெற்று மீண்டும் இயங்கியது. அதே ஆண்டு அக்டோபர் மாதக் கைது நடவடிக்கையில் ஊர்த்தலைவர்கள் சிலரும் பயனீட்டாளர் சங்க வழக்கறிஞர் மீனாட்சி இராமனும் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டனர். அவர் 47 நாள்களுக்குப் பின் விடுதலையானார். 1992 ஜூலையில் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடுமாறு தீர்ப்பளித்தது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. எனினும், 1994 சனவரியில் நிறுவனமே ஆலையை மூடுவதாக அறிவித்தது. அவ்விடத்தைத் துப்புரவு செய்யும் பணி 2010-களிலும் தொடர்ந்தது.

பயனீட்டாளர் சங்கத்தை நெடுங்காலம் வழிநடத்தி 2019-இல் மறைந்த எஸ். எம். முகம்மது இத்ரிஸ் அவர்களின் தொண்டு இங்கு நினைக்கத்தக்கது. சங்கத்தின் ஏடு தமிழிலும் ‘பயனீட்டாளர் குரல்’ என வெளிவந்தமையால், சுற்றுச்சூழல் என்னும் சொல்லைத் தோட்டப்புறத் தமிழர் பலர் முதலில் கற்றது அதன்வழி எனல் மிகையாகாது.

இதே காலத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. 1972 முதல் சுங்கைவேயிலும் பினாங்கின் பாயான் லெப்பாசிலும் வரியற்ற தொழிற்பேட்டைகள் எழுந்தன. தோட்டங்களிலிருந்து இளம்பெண்கள் பேருந்தேறி மின்னியல் ஆலைகளுக்குச் சென்றனர். தாய் பால்மரம் சீவினாள். மகள் நுண்ணோக்கியில் குனிந்து மயிரினும் மெல்லிய கம்பியைச் சில்லில் பொருத்தினாள். கண் மங்குவதையும் இரசாயன நெடியையும் அவள் அறிவாள். அச்சில்லு எங்குப் போய் முடியும் என்பதை அவள் அறிய வழியில்லை.

1996-இல் அறிவிக்கப்பட்ட பல்லூடகப் பெருவழித் திட்டம் தோட்ட மக்களின் வாழ்வை நேரடியாகவே தொட்டது. அதன் அங்கமாகிய புத்ராஜெயா எழுந்தது பிராங் பெசார் முதலிய தோட்டங்களின்மேல். தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு இடம்பெயர்ந்தன. அறிவுக்காலத்தின் தலைவாயில் என்று பறைசாற்றப்பட்ட நிலத்தில் கோயிலும் பள்ளியும் பெயர்ந்த கதை, நம் சிறுகதையாளர்கள் இன்னும் முழுமையாக எழுதித் தீராத ஒன்று.

மின்சாரத்தின் கதை இதற்கு இணையாக ஓடியது. சிலாங்கூரின் பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை நிலக்கரி வெட்டப்பட்டது. இரயில் வண்டிகளுக்கும் பிரிக்பீல்ட்ஸை அடுத்த பங்சார் மின்னிலையத்துக்கும் அதுவே எரிபொருள். சுரங்கத்தில் தமிழரும் சீனரும் உழைத்தனர். அச்சுரங்கம் மூடிய பின், காப்பார் நிலையத்துக்கு நிலக்கரி கடல்வழியே வெளிநாட்டிலிருந்து வந்தது. உலகெங்கும் உள்ள தரவு மையங்கள் 2024-இல் ஏறத்தாழ 415 டெராவாட் மணி மின்சாரம் உட்கொண்டன எனவும், அது உலக மின்பயனீட்டில் ஏறக்குறைய 1.5 விழுக்காடு எனவும், 2030-க்குள் இருமடங்குக்கு மேல் பெருகும் எனவும் பன்னாட்டு எரியாற்றல் முகவாண்மை கணித்துள்ளது. மேகம் எனப்படுவது எங்கோ ஒரு கொதிகலனில் நீரைக் கொதிக்கவைத்தே நிற்கின்றது.

கருவி பழுதானபின் நிகழ்வதும் கிள்ளான் வட்டாரத்துக்கு அயலான செய்தியன்று. நச்சுக் கழிவுகள் செல்வ நாடுகளிலிருந்து வறிய நாடுகளுக்குத் தள்ளப்படுவதைக் கட்டுப்படுத்த 1989-இல் பாசெல் ஒப்பந்தம் உருவானது. மலேசியா 1993-இல் அதில் சேர்ந்தது. 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி மின்னியல் கழிவு இங்கு அட்டவணையிடப்பட்ட கழிவாயிற்று. ஆயினும், 2018-இல் சீனா கழிவு இறக்குமதிக்குக் கதவடைத்தபோது, கப்பல்கள் திசைமாறின. போர்ட் கிள்ளானில் இறங்கிய நெகிழிக் கழிவு ஜெஞ்சாரோமிலும் பூலாவ் இண்டாவிலும் மலைபோல் குவிந்தது. உரிமமற்ற ஆலைகள் இரவில் எரித்தன. ஜெஞ்சாரோம் மக்கள் சிலர் கூடி, இன்ன இடத்தில், இன்ன நாளில் எரிக்கப்படுகின்றது எனக் குறித்து ஆவணப்படுத்தி அதிகாரிகளிடம் சேர்ப்பித்தனர். 2019-இன் பிற்பகுதி முதல் 2020 சனவரி வரை, 150 கொள்கலன்களில் 3,737 டன் நெகிழிக் கழிவு பதின்மூன்று நாடுகளுக்குத் திருப்பியனுப்பப்பட்டதாக அரசு அறிவித்தது.

நெகிழி வந்த வழியிலேயே பழைய கணினியும் கம்பியும் வந்தன. செம்பை எடுப்பதற்காகக் கம்பியின் உறையை எரித்தால் டையாக்சின் எழும். பழைய திரைக்கண்ணாடியில் காரீயம் உண்டு. விளக்குகளில் பாதரசம் உண்டு. 2022-இல் உலகில் சேர்ந்த மின்னியல் கழிவு 62 மில்லியன் டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் 22.3 விழுக்காடே என ஐக்கிய நாட்டு நிறுவன அறிக்கை கூறும். 2025 சனவரி முதல் நாள் தொட்டு, நச்சுடையதோ அல்லதோ, எவ்வகை மின்னியல் கழிவாயினும் இறக்குமதி நாட்டின் முன்னிசைவு பெற்றே கடல்கடத்தல் வேண்டும் எனப் பாசெல் ஒப்பந்தம் திருத்தப்பட்டுள்ளது.

இத்தனை கண்ணிகளையும் ஒருவரே ஒருசேரக் கண்டதில்லை. காட்டில் மரம் வெட்டியவன் கடலைக் காணவில்லை. சுங்கைவேப் பெண் பாப்பான் குழியைக் காணவில்லை. ஜெஞ்சாரோமில் புகையை நுகர்ந்தவர் தரவு மையத்தின் உட்புறத்தைக் கண்டதில்லை. இக்காரணத்தால்தான் தனிமனிதருக்கு அறிவுரை கூறும் முறை இப்பொருளில் பயன் தருவதில்லை. கூட்டுப் பட்டறை பயன் தருகின்றது. பிரான்சில் செட்ரிக் ரிங்கன்பாக் என்பவர் 2015-இல் தட்பவெப்ப மாற்றத்தை விளக்க அட்டைப் பட்டறை ஒன்றை அமைத்தார். அறிவியல் அறிக்கைகளிலிருந்து எடுத்த செய்திகள் அட்டைகளில் இருக்கும். சிறு குழுவினர் மேசையைச் சுற்றி நின்று, எது காரணம், எது விளைவு என வாதிட்டு அவற்றை வரிசைப்படுத்துவர். இம்முறையைப் பின்பற்றி இலக்கவியலுக்கென ‘ஃபிரெஸ்க் து நியூமெரிக்’ என்னும் பட்டறையும் அந்நாட்டில் உருவானது. விடையை ஆசிரியர் முன்கூட்டிச் சொல்வதில்லை.

பள்ளிகளில் சுற்றுச்சூழல் விழிப்புணர்வு பெரும்பாலும் சுவரொட்டிப் போட்டியாகவும் முழக்கவரியாகவும் முடிந்துவிடுகின்றது. பரிசளிப்போடு மறதியும் வந்துவிடுகின்றது. மின்னஞ்சலை அழித்தால் உலகைக் காக்கலாம் என்பன போன்ற எளிய அறிவுரைகள் மாணவரை மகிழ்விக்கலாம், உண்மையைச் சொல்வதில்லை. ஒரு கைப்பேசியின் வாழ்நாளில் வெளியாகும் கரியமில வாயுவில் பெரும்பங்கு, அது கடைக்கு வருமுன்னரே, கனிமம் தோண்டி உறுப்புகள் செய்யும்போதே வெளியாகிவிடுகின்றது. ஆகவே, கருவியை ஐந்து ஆண்டு பயன்படுத்துவதும், பழுது பார்ப்பதும், தேவையின்றிப் புதிதை வாங்காதிருப்பதும் கணக்கில் பெரிதாக நிற்பன. இதனை மாணவரே கணக்கிட்டுக் கண்டால் மறவார்.

காப்பார் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்று இத்தகைய பட்டறை நடத்தினால், அட்டைகளுக்காகப் பிரான்சு வரை செல்ல வேண்டியதில்லை. தாபான் மரம் ஓர் அட்டை. சென்னை–பினாங்குக் கம்பி ஓர் அட்டை. அமாங் மணலும் பாப்பான் குழியும் பிராங் பெசார்த் தோட்டமும் கடலோரப் புகைபோக்கியும் போர்ட் கிள்ளான் கொள்கலனும் ஒவ்வோர் அட்டை. வரலாற்று ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே மேசையில் நிற்பதற்குரிய வாய்ப்பும் அதுவே. மின்னியல் ஆலையில் உழைத்த பாட்டியோ தோட்டத்திலிருந்து பெயர்ந்த தாத்தாவோ வந்தமர்ந்தால், எந்த நூலிலும் இல்லாத அட்டைகள் சேரும். பேரப்பிள்ளை எழுதிக்கொள்ள, அவர்கள் சொல்லச் சொல்ல, வரிசை மாறும்.

பட்டறைக்குப் பின் ஒருநாள் வெளிப்பயணமும் இயலும். கெப்போங்கில் உள்ள காட்டாராய்ச்சிக் கழகத்தின் வனம், 1920-களில் கைவிடப்பட்ட ஈய லம்ப நிலத்தில் மரக்கன்றுகள் நட்டு வளர்க்கப்பட்டது. மணலும் குட்டையுமாகக் கிடந்த அந்நிலம் 2025-இல் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. காலையில் அங்குச் சென்று, பிற்பகலில் காப்பார்க் கடற்கரைக்குத் திரும்பினால், வலசைக் காலத்தில் கடலேற்ற வேளையாயின், உள்ளான்கள் கூட்டமாக வந்திறங்குவதையும் காணலாம்.